டிரைனேஜ் சம்ப்பு பம்பு நின்னுடுச்சா? காயில் கட்டுறதா, புதுசு போடுறதா, போட்டா எதைப் போடுறது

சென்னையில வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் பழைய வீடு வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி நல்லாவே தெரியும். வீடு கட்டும்போது ரோட்டை விட ரெண்டடி உசரத்துல இருந்த தரை, ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு இப்ப ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாரு, நல்ல விஷயம், ஆனா அதுக்கு முன்னாடியே பள்ளமாப் போன வீடு பள்ளமாத்தான் இருக்கு. பாத்ரூம் தண்ணி தெருச் சேம்பருக்கு, அதாவது தெருச் சாக்கடை லைன் தொட்டிக்குத் தானா ஓடாது. அதனால வாசல்ல ஒரு சம்ப்பு கட்டி, அதுக்குள்ள ஒரு பம்பை இறக்கி, மேல தூக்கி சேம்பர்ல விடுறோம். பேஸ்மென்ட்ல டாய்லெட் இருக்கிற சின்ன அபார்ட்மென்ட்டுக்கும் இதே கதை, செப்டிக் டேங்க்ல இருந்து வழியிற தண்ணியை உயரத்துல இருக்கிற உறிஞ்சு குழிக்குத் தூக்குறவங்களுக்கும் இதே கதைதான்.

அந்த பம்பு ஒரு நாள் நின்னுடும். பெரும்பாலும் மழையில, இல்ல வீட்டுல விசேஷம் வச்சிருக்கிற அன்னிக்கு, ஏன்னா அன்னிக்குத்தான் தண்ணி அதிகமா வரும். அப்ப வர்ற எலக்ட்ரீஷியன் ஒண்ணு "காயில் போச்சு சார், கட்டணும்"னு (அதாவது மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற கம்பி எரிஞ்சு போச்சு, புதுசா சுத்தணும்னு) சொல்வாரு, இல்ல "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்வாரு. கடைக்காரர் ஒரு படி மேல போய் "கட்டர் பம்பு போடுங்க, அடைப்பே வராது"ன்னுவாரு. இந்த மூணுல எது உங்களுக்குச் சரின்னு எப்படி முடிவு பண்றதுன்னுதான் இங்க எழுதுறேன்.

இதுல விலை, ஹெச்பி, பிராண்டு எல்லாம் எனக்கு ரெண்டாவதுதான். முதல்ல பாக்க வேண்டியது, இந்த பம்பை வெளிய எடுக்க ஒரு ஆள் உள்ள இறங்கணுமா, அப்படி எடுக்க வேண்டிய நிலைமை எத்தனை தடவை வரும். எந்த முடிவு எடுத்தாலும் அதுல யாரும் அந்தக் குழிக்குள்ள கால் வைக்கக் கூடாது. அதை மனசுல வச்சுக்கிட்டே மீதியைப் படிங்க.

முதல்ல நிஜமாவே பம்புதான் போச்சா

பம்பு நின்னாலே காயில் எரிஞ்சு போச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம், ஆனா பம்பு நின்னதுக்குக் காரணம் பம்புக்கு வெளிய இருக்கிறது ரொம்ப சகஜம். அதனால பம்பை வெளிய இழுக்கறதுக்கு முன்னாடி மேல நின்னுக்கிட்டே பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

ஃப்ளோட்ல இருந்து ஆரம்பிங்க, தண்ணி மட்டத்தோட ஏறி இறங்கி பம்பை ஓட்டி நிறுத்துற மிதவை சுவிட்சு அது. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் சேர்ந்து ஃப்ளோட் மேல தடிமனா ஒரு தோல் மாதிரி படிஞ்சிடும், அந்தக் கனத்துல அது மிதக்காம பக்கவாட்டுல தொங்கும், இல்ல டெலிவரி பைப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும். மேல இருந்து ஒரு பிளாஸ்டிக் குச்சியால தூக்கி விட்டுப் பாருங்க. பம்பு உடனே ஓடுச்சுன்னா உங்களுக்குச் செலவு ஒரு ஃப்ளோட் கழுவுற சோப்புத் தண்ணிதான். தூக்கி விட்டும் ஓடலன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனை வச்சு ஃப்ளோட்டை பைபாஸ் பண்ணி நேரடியா ஒரு தடவை ஓட விட்டுப் பாக்கணும். நேரடியா ஓடுது, ஃப்ளோட் வழியா ஓடலன்னா தப்பு ஃப்ளோட்லதான், புதுசு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சது.

உர்ருன்னு சத்தம் மட்டும் வருது, சுத்தலன்னா ரெண்டு காரணம். சிங்கிள் பேஸ் மோட்டாருன்னா மோட்டாரைச் சுத்த ஆரம்பிக்க வைக்கிற கண்டன்சர் போயிருக்கலாம், அது பல பம்புல பேனல் பாக்ஸ்லயே இருக்கும், மோட்டார் பிளேட்ல எத்தனை எம்எஃப்டின்னு (கண்டன்சரோட அளவு) போட்டிருக்கோ அதே அளவுல ஒண்ணு மாத்திப் பாக்கலாம், அதை விடப் பெரிசா போட்டா நல்லா இழுக்கும்னு சில பேர் போடுவாங்க, அது வைண்டிங்கை, அதாவது காயிலைச் சூடாக்கி ஒரேயடியா முடிச்சிடும். கண்டன்சர் நல்லா இருந்தும் உர்ருன்னா தண்ணியைத் தள்ளுற சக்கரமான இம்பெல்லர்ல ஏதோ இறுக்கமா மாட்டியிருக்கு. அந்த நிலையில சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டாதீங்க, சுத்தாத மோட்டார் சாதாரணமா இழுக்கிற கரண்டை மாதிரி பல மடங்கு இழுக்கும், அடைப்பு எடுத்தா சரியாயிருக்க வேண்டிய பம்பு அந்த ரெண்டு நிமிஷத்துல காயில் எரிஞ்சு போற பம்பா மாறிடும்.

அடுத்தது, ஓடுது ஆனா தண்ணி ஏறல. இதுல த்ரீ பேஸ் கனெக்‌ஷன் இருக்கிறவங்க முதல்ல கேக்க வேண்டியது, சமீபத்துல தெருவுல ஈபி வேலை நடந்துச்சாங்கறது. பேஸ் மாறிப்போச்சுன்னா மோட்டார் தலைகீழா சுத்தும், சத்தம் கேக்கும், தண்ணியும் கொஞ்சமா வரும், அதனால பம்பு தேஞ்சு போச்சுன்னு தோணும். பேனல்ல ஏதாவது ரெண்டு பேஸ் வயரை மாத்திக் கொடுத்தா சரியாப் போயிடும். இதுக்காகப் பம்பையே கழட்டி வெளிய எடுத்த இடம் எல்லாம் இருக்கு. ஒரு பேஸே வராம போறது இதை விட மோசம், அதுக்கு, ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துற சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் இல்லாத பேனலை வச்சுக்கவே கூடாது.

தண்ணி ஏறாததுக்கு இன்னொரு காரணம் ஏர் லாக். சம்ப்பு முழுசா காஞ்சு திரும்ப நிறையும்போது இம்பெல்லர் கிட்ட காத்து மாட்டிக்கும், மேல என்ஆர்வி (போன தண்ணி திரும்பி வராம தடுக்கிற வால்வு) மூடியிருக்கறதால அந்தக் காத்துக்குப் போக வழி இல்ல. பம்புக்கும் என்ஆர்விக்கும் நடுவுல இருக்கிற பைப்புல சம்ப்புக்குள்ளயே பாக்குற மாதிரி ஒரு சின்ன ஓட்டை, 3 மில்லிமீட்டர் போல போட்டு விட்டா இந்தத் தொல்லை வராது. அந்த ஓட்டை வழியா கொஞ்சம் தண்ணி பீச்சும், அது பரவாயில்ல, சம்ப்புக்குள்ளதான் விழுது.

அப்புறம் என்ஆர்வி. பம்பு அஞ்சு நிமிஷம் ஓடி நிக்குது, கொஞ்ச நேரத்துல வீட்டுல யாரும் தண்ணி திறக்காமலே மறுபடி ஓடுதுன்னா மேல போன தண்ணி அப்படியே திரும்பி வருது. என்ஆர்வி நாக்குல துணி நூலோ முடியோ மாட்டியிருக்கும். சின்ன பம்பு பெரும்பாலானதுக்கு ஒரு மணி நேரத்துல 10, 15 ஸ்டார்ட்டுக்கு மேல தாங்காது, என்ஆர்வி ஒழுகுனா அது அதுக்கு மேல போய் கண்டன்சரையும் காயிலையும் சேர்த்துக் காவு வாங்கிடும். வீட்டுக் குடிதண்ணி லைனுக்குப் போடுற ஸ்பிரிங் வச்ச என்ஆர்வியை இங்க போட்டிருந்தா அதைத் தூக்கிட்டு பால் டைப் போடுங்க, அதுல நூல் மாட்ட இடம் கம்மி.

இது எல்லாத்தையும் ஒரே சோதனையில ஓரளவு பிடிக்கலாம். வீட்டுல எல்லாரையும் கொஞ்ச நேரம் தண்ணி திறக்காம இருக்கச் சொல்லிட்டு, பம்பை ஓட விட்டு தண்ணி மட்டம் ஒரு அடி இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. 5 அடிக்கு 5 அடி சம்ப்புன்னா ஒரு அடி இறக்கம்ங்கறது 25 கன அடி, அதாவது சுமார் 700 லிட்டர். அது இறங்க 10 நிமிஷம் ஆனா உங்க பம்பு நிமிஷத்துக்கு 70 லிட்டர் தள்ளுது. பம்பு பிளேட்ல அந்த உயரத்துக்கு 200 லிட்டர்னு இருந்தா எங்கயோ அடைப்பு இருக்கு இல்ல இம்பெல்லர் தேஞ்சிருக்கு. பம்பை ஆஃப் பண்ணின பிறகும் மட்டம் ஏறிக்கிட்டே இருந்தா என்ஆர்வி ஒழுகல், இல்ல நிலத்தடித் தண்ணி சம்ப்பு சுவர் வழியா உள்ள வருது. மழைக்காலத்துல இந்த ரெண்டாவது காரணம் ரொம்ப அதிகம், அதுக்கு எவ்வளவு பெரிய பம்பு போட்டாலும் பிரயோஜனம் இல்ல, சம்ப்பு பூச்சைத்தான் சரி பண்ணணும்.

ட்ரிப் ஆகுதுன்னா எது ட்ரிப் ஆகுதுன்னு கவனிங்க. கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஆர்சிசிபி விழுந்தா கரண்ட் தண்ணிக்குக் கசியுது, பெரும்பாலும் சம்ப்புக்குள்ள டேப் சுத்தி விட்ட கேபிள் ஜாயிண்ட்ல. மோட்டார் அதிகமா கரண்ட் இழுத்தா நிறுத்துற ஓவர்லோட் விழுந்தா அடைப்பு, பேரிங், இல்ல வோல்டேஜ் குறைவு. கொஞ்ச நேரம் ஓடி தானா நின்னு, ஆறினதும் தானா ஓடுச்சுன்னா மோட்டாருக்குள்ள இருக்கிற தெர்மல் ப்ரொடெக்டர் வேலை செய்யுது, மோட்டார் ஏதோ காரணத்தால சூடாகுதுன்னு அர்த்தம். ஆர்சிசிபி விழுதுங்கறதுக்காக அதைக் கழட்டிட்டு நேரடியா கொடுக்கிறவங்களை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. ஈரமான கழிவுத் தண்ணியும் கரண்டும் சேர்ந்த இடம் அது.

காயில் கட்டுறதா, புதுசா

இதையெல்லாம் பாத்துட்டும் பம்பை வெளிய எடுத்தே ஆகணும்னு வந்தாச்சு. செயின் இருந்தா மேல நின்னே தூக்கிடலாம். செயினே இல்லாம டெலிவரி பைப்போட சேர்த்து இறுக்கி வச்சிருந்தா என்ன பண்றது? கழிவு உறிஞ்சுற லாரி வச்சு முதல்ல சம்ப்பைக் காலி பண்ணி, மேல இருந்தே கொக்கி போட்டு, யூனியனை (பைப்பைக் கழட்டி மாட்டுற ஜாயிண்ட்டை) கழட்ட முடியலன்னா பைப்பையே மேல இருந்து அறுத்துத் தூக்குங்க. ஒரு பைப்பு போனா போகட்டும். மூடியைத் திறந்து காத்தாட விட்டா விஷ கேஸ் போயிடும்னு நம்பி யாரையும் இறக்காதீங்க, சேறைக் கலக்கின உடனே புதுசா கிளம்பி வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்தை விட கனமானது, கீழதான் தங்கும். கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் வரும், அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, நாத்தம் இல்லையேன்னு இறங்கினவங்க அப்படியே சாயுறாங்க, காப்பாத்தப் போன ரெண்டாவது ஆளும் சாயுறாரு. மீத்தேனும் இருக்கும், அதனால பீடி, தீப்பெட்டி, கட்டிங் மெஷின் தீப்பொறி எதுவும் பக்கத்துல வரக் கூடாது, பைப்பை கை ரம்பத்தாலதான் அறுக்கணும். பாதுகாப்புச் சாதனம் இல்லாம ஆளை இறக்கி சாக்கடை, செப்டிக் டேங்க் கிளீன் பண்ண வைக்கிறது 2013ஆம் வருஷத்து மனிதக் கழிவை மனுஷன் அள்ளுறதைத் தடை பண்ற சட்டப்படி குற்றம், முதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. இந்த மாதிரி சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லிருக்கு. ஆனா சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்ல, 500 ரூபா கூலிக்கு வர்றவர் வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு, அதுக்காகத்தான் சொல்றேன்.

பம்பு வெளிய வந்ததும் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு, கீழ இருக்கிற சக்‌ஷன் மூடியைக் கழட்டச் சொல்லி நீங்களும் பக்கத்துல நில்லுங்க. இம்பெல்லரைச் சுத்தி என்ன சுத்தியிருக்குன்னு பாருங்க. மாப் நூல், தலைமுடி, பேபி வைப்ஸ் மூணும் சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கி ஷாஃப்ட்டுல இறுகியிருக்கும், பிளேடு வச்சு நார் நாரா வெட்டித்தான் எடுக்கணும். அதை எடுத்துட்டு இம்பெல்லரைக் கையால சுத்துங்க, தடையில்லாம வழவழன்னு சுத்தினா பேரிங் நல்லா இருக்கு, கரகரன்னா போச்சு, மேல கீழ ஆடுச்சுன்னாலும் போச்சு.

அப்புறம் ஆயில் சேம்பர் ஸ்குரூ. இதைத்தான் நிறைய கடையில திறக்கறதே இல்ல, ஆனா ரிப்பேரா புதுசாங்கறதுக்கு பாதி பதில் அதுக்குள்ளதான் இருக்கு. மோட்டாருக்கும் இம்பெல்லருக்கும் நடுவுல எண்ணெய் நிறைஞ்ச ஒரு அறை, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மெக்கானிக்கல் சீல். எண்ணெய் தெளிவா வந்தா ரெண்டு சீலும் நல்லா இருக்கு. பால் ஊத்தின டீ மாதிரி வெளுத்து வந்தா கீழ் சீல் போய் தண்ணி உள்ள வந்துடுச்சு, ஆனா மோட்டார் இன்னும் பிழைச்சிருக்கு. இந்தக் கட்டத்துல பிடிச்சீங்கன்னா ரெண்டு சீல், ஓ ரிங், எண்ணெய், இதோட முடிஞ்சிடும், இதுக்குப் போய் யாராவது புதுசு வாங்கச் சொன்னா கேக்காதீங்க.

கடைசியா 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசியுதான்னு அளக்கிற மீட்டர்) வச்சு வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல பாக்கச் சொல்லுங்க. நல்ல மோட்டார்ல பல பத்து மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழ போச்சுன்னா அதை ஓட விடக் கூடாது. அதுக்காக உடனே காயில் போச்சுன்னும் அர்த்தம் இல்ல, ஈரம் ஏறியிருக்கலாம், கழட்டிக் காய வச்சு திரும்ப அளந்தா சில சமயம் தேறி வந்துடும். காயில் கருகிப் போயிருந்தா அது கண்ணுக்கே தெரியும், வாசனையே காட்டிக் கொடுத்துடும்.

இப்ப காயில் நிஜமாவே எரிஞ்சிருக்கு, என்ன பண்றது? வீட்டுக் கிணத்து மோட்டாரை மாதிரி இதைப் பாக்க முடியாது. கிணத்து மோட்டார் காயில் கட்டினா பல வருஷம் ஓடும். டிரைனேஜ் பம்புல காயில் எரிஞ்சதுன்னா அதுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கும், சீல் போயிருக்கும், இல்ல அடைச்சிருக்கும், இல்ல ஃப்ளோட் மாட்டி தண்ணியே இல்லாம ஓடியிருக்கும். அந்தக் காரணத்தைச் சரி பண்ணாம வெறும் காயில் மட்டும் கட்டினா அந்தக் காசு அடுத்த மழைக்குக் கரைஞ்சிடும். அதனால ரேட் கேக்கும்போது "காயில் கட்ட எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, காயில், ரெண்டு சீல், பேரிங், ஓ ரிங், கேபிள் கிளாண்ட், எண்ணெய் எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு கேளுங்க. அந்த மொத்தத் தொகை அதே தர புது பம்பு விலையில பாதியைத் தொட்டாலே நான் புதுசு பக்கம் போயிடுவேன். பாதிக்குக் கீழ, பாடியும் ஷாஃப்ட்டும் நல்லா இருக்கு, கம்பெனி ஸ்பேர் உள்ளூர்லயே கிடைக்குதுன்னா காயில் கட்டலாம், ஆனா செம்புக் கம்பிதானா, கட்டின பிறகு வார்னிஷ் ஊத்தி ஓவன்ல வாட்டுறாங்களா, தண்ணிக்குள்ள போட்டு ஓட்டிக் காட்டிட்டுத் தருவாங்களான்னு மூணையும் கேட்டுக்குங்க.

ஷாஃப்ட்டுல சீல் உக்கார்ற இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தா புது சீலும் நிக்காது. வார்ப்பு பாடி செதில் செதிலா உதிர்ந்தா அதுவும் முடிஞ்ச கதை. இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் யோசிக்காம புதுசு.

புதுசுன்னா எந்த மாதிரி

கடையில போய் "1 ஹெச்பி டிரைனேஜ் பம்பு"ன்னு கேட்டா நாலு விதமான சாமான் எடுத்து வைப்பாங்க, நாலும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், செய்யுற வேலை வேற வேற.

மழைத்தண்ணி, கட்டடக் குழித் தண்ணி இறைக்கிற டிவாட்டரிங் பம்பு விலை கம்மி, அடியில சல்லடை இருக்கும். குளிக்கிற தண்ணி, துவைக்கிற தண்ணி மட்டும் வர்ற குழிக்கு இது போதும். டாய்லெட் லைன் சேர்ந்து வருதுன்னா இது வேண்டவே வேண்டாம், வாரா வாரம் தூக்கிச் சல்லடை கழுவ வேண்டி வரும்.

வோர்ட்டெக்ஸ்னு சொல்ற நான்-க்ளாக் வகையில இம்பெல்லர் மேல ஒதுங்கி இருக்கும், கீழ தண்ணி சுழிச்சு அந்தச் சுழிப்புலயே கட்டி வெளிய போயிடும், பெரும்பாலானது இம்பெல்லரைத் தொடறதே இல்ல. எவ்வளவு பெரிய கட்டி போகும்னு 35 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர்னு அதுலயே போட்டிருக்கும். கரண்டை கொஞ்சம் கூட இழுக்கும், அதே ஹெச்பியில தூக்குற தண்ணியும் மத்ததை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா வீட்டு டிரைனேஜ் பம்பு ஒரு நாளைக்கு ஓடுறதே கொஞ்ச நேரம், அதுல கரண்ட் வித்தியாசம் ஒண்ணும் பெரிசா வந்துடாது. ரோட்டை விட அஞ்சாறு அடி பள்ளத்துல இருக்கிற ஒரு குடும்ப வீட்டுக்கு நான் கை காட்டுறது இதைத்தான், காரணம் இதைத் தூக்க வேண்டிய அவசியம் வர்றதே அபூர்வம், மணலையும் ஓரளவு தாங்கும்.

கட்டர் பம்பை எல்லாரும் பெரிசா சொல்றாங்க. சக்‌ஷன்ல பிளேடு இருக்கும், வர்றதை அரைச்சுத் துண்டாக்கித் தள்ளும். டிஷ்யூ, உணவுக் கழிவு, மென்மையான கட்டி எல்லாம் ஜோரா அரைக்கும். ஹாஸ்டல், கல்யாண மண்டபம், ஹோட்டல், யார் எதைப் போடுவாங்கன்னு நம்ம கையில இல்லாத இடம், இல்ல ரொம்ப தூரம் சின்னப் பைப்புல தள்ள வேண்டிய இடம், அங்க இது கண்டிப்பா வேணும். ஆனா பிளேடு புதுசா இருக்கிற வரைக்கும்தான் இந்த சுகம். சென்னையில கடற்கரைப் பக்கம் சம்ப்புல மணல் சேரும், மணல் பிளேடைத் தேய்ச்சிடும், மழுங்கின கட்டர் நூலை வெட்டாது, சுத்திக்கும். அப்புறம் சாதா பம்பை விட வேகமா அடைக்கும், பிளேடு மாத்த அடிக்கடி வெளிய எடுக்கணும். பிளேடு செட்டு உங்க ஊர்ல கிடைக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க. அப்புறம் சானிட்டரி நாப்கினை கட்டர் அரைச்சிடும்னு கடையில சொன்னாலும் நம்பாதீங்க, உள்ள இருக்கிற ஜெல்லும் பிளாஸ்டிக் தாளும் தண்ணியில ஊறி வீங்கி எந்த பம்பையும் நிறுத்திடும், தப்பிச்சுப் போனாலும் தெரு லைன்ல போய் அடைக்கும்.

நாலாவது, மேலயே வைக்கிற செல்ஃப் ப்ரைமிங் மட் பம்பு, அதாவது ஒவ்வொரு தடவையும் நாம பைப்புல தண்ணி ஊத்தாமலே தானா இழுத்துக்கிற பம்பு. இதை யாரும் யோசிக்கறதே இல்ல, யோசிக்கணும். பம்பு தரையில இருக்கும், சம்ப்புக்குள்ள போறது ஒரு சக்‌ஷன் பைப்பு மட்டும்தான். அடைச்சா மேலயே மூடியைக் கழட்டி சுத்தம் பண்ணலாம், எலக்ட்ரிக் எதுவும் தண்ணிக்குள்ள இல்ல, மெக்கானிக் கழிவுல கை வைக்கிற வேலை பாதியாக் குறையும். ஆனா மழைவெள்ளம் வந்தா முதல்ல முங்குறது இதுதான், சத்தமும் வரும், சக்‌ஷன் பைப்புல ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காத்து இழுத்து தண்ணி ஏறாது, ஆழம் 20 அடி கிட்ட போச்சுன்னா சரிப்படாது. வாங்கும்போது நிஜமாவே செல்ஃப் ப்ரைமிங்கான்னு பாருங்க, சாதா மோனோ பிளாக் பம்பைக் கொடுத்து, பைப்பு அடியில தண்ணியைப் பிடிச்சு வைக்க ஃபுட் வால்வு போட்டுக்கலாம்னு சொன்னா திரும்பி வந்துடுங்க, அந்த ஃபுட் வால்வுல முடி சுத்தினா அவ்வளவுதான். வெள்ளம் ஏறாத இடத்துல வைக்க வழி இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு இது நல்ல தேர்வு.

எதை வாங்கினாலும் பெட்டியில பெரிசா போட்டிருக்கிற மேக்ஸ் ஹெட்டை (தண்ணி ஏறக்கூடிய உச்சபட்ச உயரத்தை) வச்சு முடிவு பண்ணாதீங்க. மேக்ஸ் ஹெட் 12 மீட்டர்னா 12 மீட்டர்ல தண்ணி வரவே வராதுன்னு அர்த்தம். உங்க சம்ப்பு அடியில இருந்து சேம்பர் வரைக்கும் எத்தனை அடி, எத்தனை பெண்டு, எவ்வளவு நீளம்னு சொல்லி, அந்த உயரத்துல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு சார்ட்ல காட்டச் சொல்லுங்க. அதுக்காக தேவைக்கு மேல ஹெச்பியை ஏத்தினாலும் தப்பு, ரெண்டு நிமிஷத்துல சம்ப்பு காலியாகி, நின்னு, திரும்ப ஓடி, ஸ்டார்ட் எண்ணிக்கை ஏறி சீக்கிரம் போயிடும்.

ஒரு பம்பா, ரெண்டா

விலை ஜாஸ்தி கட்டர் ஒண்ணு வாங்குற காசுல சுமாரான வோர்ட்டெக்ஸ் ரெண்டு வாங்க முடியுதுன்னா ரெண்டு வாங்குங்க. பேனல்ல மாத்தி மாத்தி ஓடுற மாதிரி வச்சிடலாம். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும், அவசரமே இல்ல, ராத்திரியில யாரையும் கூப்பிட்டு கெஞ்ச வேண்டாம். ஆள் இறங்குற விபத்துங்க நடக்கறது பெரும்பாலும் இந்த அவசரத்துலதான், வீடு பூரா கழிவுத் தண்ணி ஏறி நிக்குது, எப்படியாவது இப்பவே சரி பண்ணுன்னு சொல்றப்பதான். ரெண்டாவது பம்பு அந்த நிலைமையையே வர விடாது.

ஒரே பம்புதான்னா குறைஞ்சது மூணு ஃப்ளோட் வைங்க, நிறுத்த ஒண்ணு, ஓட்ட ஒண்ணு, அதுக்கு மேல அலாரத்துக்கு ஒண்ணு. நிறுத்துற ஃப்ளோட் மோட்டார் தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற மட்டத்துல இருக்கணும், சுத்தி இருக்கிற தண்ணிதான் அதைக் குளிர வைக்குது. அலாரம் அடிச்சா தெரிஞ்சுக்கிட்டு தண்ணி புழக்கத்தை நிறுத்திட்டு நிதானமா ஆள் கூப்பிடலாம்.

ஃபிட்டிங் பண்ணும்போதே துருப்பிடிக்காத எஸ்எஸ் செயின், மேல இருந்து கைக்கு எட்டுற இடத்துல யூனியன், சம்ப்புக்குள்ள ஜாயிண்ட்டே இல்லாத ஒரே நீளக் கேபிள், இந்த மூணும் கட்டாயம். அபார்ட்மென்ட்டுன்னா கைடு ரெயிலோட ஆட்டோ கப்ளிங் போடுங்க, பம்பு அதன் கனத்துலயே வழுக்கிப் போய் பைப்போட சேர்ந்துக்கும், செயினைப் பிடிச்சு இழுத்தா தானா கழண்டு வந்துடும், போல்ட்டு நட்டு வேலையே இல்ல. செலவு கூடத்தான், ஆனா இந்தக் கட்டுரையிலேயே ஒரே ஒரு விஷயத்துக்குக் காசு ஒதுக்க முடியும்னா இதுக்கு ஒதுக்குங்கன்னு சொல்வேன். பேனல் பாக்ஸை 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டுலயும் உங்க தெருவுல தண்ணி எவ்வளவு உசரம் நின்னுச்சோ அதுக்கு மேல மாட்டுங்க.

பம்பே இல்லாம முடியுமான்னும் பாருங்க

மாடி வீடா இருந்தா, மாடி பாத்ரூம் லைனும் கீழ் வீட்டு லைனும் ஒரே சம்ப்புக்குத்தான் போகுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க. பல வீட்டுல அப்படித்தான் இருக்கும், தேவையே இல்லாம. மாடித் தண்ணி தெருச் சேம்பரை விட உயரத்துல இருந்துதானே வருது, அதை சம்ப்புக்குள்ள இறக்கித் திரும்பத் தூக்குறது எதுக்கு? அந்த லைனைத் தனியாப் பிரிச்சு நேரா சேம்பருக்குக் கொடுத்துட்டா பம்புக்கு வேலை பாதியாக் குறையும், பம்பு நின்னாலும் மாடியில இருக்கிறவங்களுக்குப் பிரச்சனை இல்ல, அவங்க விடுற தண்ணி கீழ் வீட்டுல பொங்கவும் செய்யாது. பைப்பும் கொத்து வேலையும்தான் செலவு. புது பம்பு வாங்கறதுக்கு முன்னாடி பிளம்பரைக் கூப்பிட்டு இதை ஒரு தடவை விசாரிங்க.

ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்களே, அதுவும் ஒரு வழி, ஆனா அதை பம்புக்காக மட்டும் யாரும் பண்ண மாட்டாங்க, மழைக்காகப் பண்றவங்க இதையும் சேர்த்துக் கணக்குல வச்சுக்கலாம். தெரு லைனே இல்லாத ஏரியாவுல, செப்டிக் டேங்க் நிறைஞ்சு அந்தக் கசடு பம்புக்கு வருதுன்னா பம்பைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, லாரி வச்சு எடுக்கணும். 14420க்கு போன் பண்ணினா லைசென்ஸ் உள்ள லாரி வரும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தாலே கசடு வழிஞ்சு பம்புப் பக்கம் வராது. தெருச் சேம்பரே நிறைஞ்சு நிக்கிறதால உங்க பம்பு தள்ள முடியாம திணறுதுன்னா மெட்ரோ வாட்டருக்கு 1916ல சொல்லுங்க. எந்தக் காரணத்துக்காகவும் டெலிவரி பைப்பை மழைநீர் வடிகால்ல திருப்பி விடாதீங்க, அது கடைசியில அடுத்த தெருவுல குழந்தைங்க நடக்கிற தண்ணியிலதான் போய்ச் சேரும்.

ஆக என் கணக்கு இப்படித்தான் போகும்: ஃப்ளோட், கண்டன்சர், என்ஆர்வி, பேஸ் நாலையும் மேலயே பாத்துட்டு, எண்ணெய் மட்டும் வெளுத்திருந்தா சீல் மாத்தி அதையே போடுவேன், காயில் எரிஞ்சு மொத்த ரிப்பேர் பாதி விலையைத் தொட்டா அதைக் கடையிலயே விட்டுட்டு 50 மில்லிமீட்டர் கட்டி போற வோர்ட்டெக்ஸ் ரெண்டு வாங்குவேன், மண்டபம், ஹாஸ்டல்னா மட்டும் கட்டர். மாடி லைனைப் பிரிக்கிற வேலையை அதே வாரத்துல முடிச்சிடுவேன். கடைக்குப் போகும்போது சம்ப்பு ஆழம், சேம்பர் உயரம், பைப்பு சைஸ், பழைய பம்போட பிளேட் போட்டோ, இது நாலும் போன்ல இருக்கட்டும், செயினையும் அங்கயே அளந்து அதே பில்லுல வாங்கிடுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா பம்பு செயின் இல்லாமலே உள்ள இறங்கிடும்.